தக்கைக்குப் பொறுக்கி எடுத்த இரும்பு

மார்ச் 4

தம்பிக்கு,

உன் மகள் இங்கே இருக்கிறாள். தேடுவதை நிறுத்து. போலீஸ் கீலீஸ் என்று போய் நாலு பேரைச் சிரிக்க வைக்காதே. இருபத்துமூன்று வயதுப் பெண் தன் காலால் நடந்து போய் பஸ் ஏறியிருக்கிறாள். உன் புகாரை எவன் எழுதிக்கொள்வான்?

போன் செய்யாமல் ஏன் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். போனை நீ பாதியில் வைத்துவிடுவாய். ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் வைத்தாய், அதோடு சரி. இதை நீ கசக்கி எறிந்தாலும் மறுபடி எடுத்துப் பிரித்துத்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அடியில் வியாபாரம் இருக்கிறது.

விடிந்தும் விடியாமலும் வந்து கதவைத் தட்டினாள். தோளில் ஒரு பை. கக்கத்தில் உன் கடையிலிருந்து தூக்கி வந்த மிதவைச் சட்டை. "அத்தை, எனக்குக் கடலுக்குள்ள வேலை வேணும். கடையில உக்காந்து சிலிண்டரத் தட்டித் தட்டிப் பார்த்து எனக்குக் கிறுக்கே புடிச்சிரும்" என்றாள். அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். "அடிச்சார்" என்றாள், மழை பெய்தது என்று சொல்கிற மாதிரி. வாழ்நாளில் தண்ணீருக்குள் தலையை முக்காதவன், முழுகுகிறவர்களுக்குக் காற்று விற்றுப் பிழைக்கிறாய். உன் மகளாவது முழுகட்டுமே, உனக்கு என்ன வலிக்கிறது?

இப்போது வியாபாரம். இங்கே ஒரு வளைகுடாவைச் சுத்தம் பண்ணும் வேலையை எடுத்திருக்கிறேன். கடல் முள்ளெலி என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். நாங்கள் முள்ளுருண்டை என்போம். பாறையெல்லாம் அதுதான். கடற்பாசியை வேரோடு தின்று தீர்த்துவிட்டு, இன்னும் பசியாக உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொன்றாகச் சுத்தியலால் உடைக்க வேண்டும். பாசி விதை விடுகிற பருவத்துக்குள் முடிக்காவிட்டால் வேலை அடுத்தவன் கைக்குப் போய்விடும்.

என் ஆட்களிடம் இருப்பது பழைய அலுமினியச் சிலிண்டர். கொஞ்ச நேரத்தில் காற்று தீருகிறது. தீரத் தீர ஆளும் லேசாகி மேலே மிதந்து வந்துவிடுகிறான். வந்தவன் சும்மா இருக்கிறானா? படகு விளிம்பில் உட்கார்ந்து அரட்டை, அப்புறம் ஒரு பீடி. எனக்கு வேண்டியது ஆளைக் கீழேயே வைத்திருக்கும் சிலிண்டர். நீண்ட நேரம். எது வாங்கலாம், நீ என்ன வைத்திருக்கிறாய், சொல்லு. இந்தக் கரையில் இதில் விவரம் தெரிந்தவன் நீ ஒருத்தன்தான். அதற்காக மீசையை முறுக்காதே.

அக்கா

*

மார்ச் 11

அக்காவுக்கு,

என் மகளைத் திருப்பி அனுப்பு. முதல் வரியும் கடைசி வரியும் அதுதான்.

தாயில்லாத பெண்ணைக் கையில் வைத்துத் தாங்கி வளர்த்தவன் நான். அவளுடைய இடது காதில் சின்ன வயதில் சீழ் பிடித்து ராத்திரியெல்லாம் கத்தினாள். ஆழத்துக்கு ஆகாத காது என்று டாக்டர் சொன்னார். இது உனக்குத் தெரியுமா? எப்படித் தெரியும்? நீ எந்த நாளில் வந்து எட்டிப் பார்த்தாய்? என் பெண்டாட்டி செத்துக் கிடந்தபோது வந்தாய்; வந்து, "இவன் கடையில சிலிண்டரத் தட்டிட்டு உக்காந்திருப்பான், அவ மூச்சு நின்னதுகூடத் தெரிஞ்சிருக்காது" என்று எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனாய். நான் மறக்கவில்லை.

சிலிண்டர் விஷயம். நீ சொல்கிற வேலைக்கு இரும்புதான். அலுமினியம் துருப்பிடிக்காது, விலையும் குறைவு. ஆனால் உள்ளே காற்று குறையக் குறைய அது மிதக்கப் பார்க்கும். அதை அமுக்கத்தான் உன் ஆட்கள் இடுப்பில் அத்தனை ஈயத்தைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். இரும்பு அப்படியில்லை. காலியானாலும் கீழேதான் இழுக்கும். அலையடிக்கிற இடத்தில் முள் மேல் போய் விழாமல் ஒரே இடத்தில் நின்று வேலை செய்யலாம். பெரிய அளவாக எடுத்தால் நேரமும் கூடக் கிடைக்கும். ஒன்றை மட்டும் காதில் போட்டுக்கொள்: இரும்புக்கு மாறுகிற அன்றைக்கே ஈயத்தைக் குறைத்துவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ஆள் கல். தண்டவாளத்தைக் கட்டிக்கொண்டு இறங்கின மாதிரி.

உன் ஆட்களுக்கு நடுத்தர அளவில் இரும்பு அனுப்புகிறேன். இவளுக்குத் தனியாக ஒன்று. கடைக்குப் பின்னால் வெகு நாளாகக் கிடக்கிறது. குட்டையானது, வயிறு பெருத்தது. தூக்கிப் பார்த்த எந்த ஆம்பிளையும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, வேற காட்டுங்க" என்றுதான் சொல்லியிருக்கிறான். அதை அவளுக்குக் கொடு. உன் கரையில் பாறை வழுக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த வழியில் அதை முதுகில் ஏற்றி நடக்க விடு. தண்ணீர் வரைக்கும் போகவே மாட்டாள். பாதி வழியில் உட்கார்ந்து அழுவாள். ஒரு வாரம், அவ்வளவுதான். கொட்டம் அடங்கிவிடும். எப்படியாவது வீட்டுக்கு வந்து சேர்ந்தால் போதும், அப்புறம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இந்த ஒரு உதவியைச் செய். உனக்கும் நல்ல சிலிண்டர் கிடைக்கிறது, எனக்கும் என் பெண் கிடைக்கிறாள்.

தம்பி

*

மார்ச் 27

தம்பிக்கு,

லாரி வந்தது. சரக்கு நல்ல சரக்கு. வியாபாரத்தில் உன்னைக் குறை சொல்ல முடியாது.

உன் மகளுக்கு வந்த அந்தப் பூதத்தை இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. "இது யாருக்கு?" என்று கேட்டாள். "உனக்குத்தான். உன் அப்பா உனக்கென்றே அனுப்பியிருக்கிறான்" என்றேன். அதன் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் முகம் கழுவப் போகிறேன் என்று பின்பக்கம் போய்விட்டாள், திரும்பி வர நேரமாயிற்று. சரி, தம்பி போட்ட கணக்கு சரிதான் போலிருக்கிறது, நாளைக்குப் பெட்டியைக் கட்டிவிடுவாள் என்று நினைத்தேன்.

கட்டவில்லை. மறுநாள் அதை முதுகில் ஏற்றிக்கொண்டு பாறையில் நடந்தாள். நடந்தாள் என்பதைவிட விழுந்தாள் என்பதே சரி. முழங்கால் பிளந்துவிட்டது. என் ஆட்கள் படகில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். "பாப்பா, நீ சிலிண்டர் மேல ஏறிக்க, அது உன்னத் தூக்கிட்டு வரும்" என்றான் மூக்கன். இவள் எழுந்து, "உன் மூக்கச் சுமந்துட்டு நீயே நடக்கற, இது என்ன பெருசு?" என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு இங்கே மரியாதை வந்துவிட்டது. உனக்குப் பிறந்ததா இது என்று எனக்கே சந்தேகம்.

ஆனால் ஒரு கூத்து. ஆள் முழுகவே மாட்டேன் என்கிறாள். குண்டும் இல்லை, ஒல்லியும் இல்லை, என்ன உடம்போ, தண்ணீர் அவளைத் துப்புகிறது. தக்கை என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆகவே நான் அவள் இடுப்புப் பட்டையில் ஈயத்தை இன்னும் ஏற்றினேன். மற்றவர்களுக்கும் பழைய ஈயத்தைக் குறைக்கவில்லை. குறைக்கச் சொல்லி எழுதியிருந்தாய், படித்தேன். கடையில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது சரி. இங்கே ஈயம் இருந்தால்தான் ஆள் கீழே இருப்பான். வேலை முடிந்ததும் நங்கூரக் கயிற்றைப் பிடித்துக் கையால் ஏறி வரட்டுமே, கை என்ன தேய்ந்தா போகும்?

இன்னொன்று. களைத்துப்போனால் இந்தப் பயல்கள் பட்டையின் கொக்கியைத் தட்டிவிட்டு ஈயத்தைக் கடலில் போட்டுவிட்டு, பஞ்சு மாதிரி மேலே வந்து, "கழண்டு போச்சுக்கா" என்று பல்லைக் காட்டுவார்கள். அதனால் காலையில் நானே எல்லார் கொக்கியையும் மீன்பிடி நூலால் முடிச்சுப் போட்டு விடுகிறேன். மேலே வந்தால் நானே அவிழ்ப்பேன். இது என் படகின் சட்டம்.

அவள் எடுத்து வந்த மிதவைச் சட்டையில் காற்று அடித்தால் விலாப்பக்கம் புஸ்ஸென்று போகிறது. நீ கொடுத்ததா, அவளாக எடுத்ததா?

அக்கா

*

ஏப்ரல் 3

அக்காவுக்கு,

கொக்கியை முடிச்சுப் போடுகிறாயா? உனக்கு என்ன பைத்தியமா? கையை வைத்துத் தட்டினால் விழ வேண்டும் என்பதற்குத்தானே அந்தக் கொக்கியே இருக்கிறது! இரும்பும் போட்டு, ஈயத்தையும் குறைக்காமல், கொக்கியையும் கட்டிவிட்டால், கீழே காற்று தீர்ந்தவன் கதி என்ன? கயிறு கைக்கு எட்டாத இடத்தில் நின்றால்? நான் தண்ணீருக்குள் தலையை முக்காதவன்தான். ஆனாலும் எனக்கு இது புரிகிறது, உனக்கு ஏன் புரியவில்லை?

மிதவைச் சட்டையை நான் கொடுக்கவில்லை. பழுது பார்க்க ஒதுக்கி வைத்த தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். விலாவில் ஒட்டு விட்டுப்போன சட்டை. பசை தடவ வேண்டும் என்று வைத்திருந்தேன். கேட்டிருந்தால் நல்லதைக் கொடுத்திருப்பேனா என்று கேட்காதே. கேட்காமல் எடுத்தவளுக்கு அது போதும். நீ ஒன்றும் சொல்லாதே. வாயால் ஊதி ஊதிப் பார்த்து நுரை தள்ளட்டும். திருட்டுச் சட்டை என்ன செய்யும் என்று அவளே தெரிந்துகொள்ளட்டும்.

யோசித்துப் பார்த்தேன். இன்னும் ஒரு வாரம் இப்படியே போகட்டும். முழங்கால் பிளந்தும் வரவில்லை என்றால் ரோஷத்தில் நிற்கிறாள், அவ்வளவுதான். அவள் அம்மா குணம். ஒரு வாரத்துக்கு மேல் எந்த உடம்பும் தாங்காது. அவள் பெட்டியைக் கட்டினதும் நீ ஈயத்தைக் குறை, முடிச்சை அவிழ், என்ன வேண்டுமானாலும் செய். அவளுடைய அறைக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன். கல்லாவுக்குப் பக்கத்தில் புது நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறேன்.

நீ அவளை வைத்துக்கொண்டு குளிர் காய்வது எனக்குத் தெரியாதென்று நினைக்காதே. உனக்கு ஒரு பிள்ளை தங்கவில்லை. அதற்கு என் பிள்ளையா கிடைத்தது?

தம்பி

*

ஏப்ரல் 19

தம்பிக்கு,

எழுதிவிட்டாய். கை கூசாமல் எழுதிவிட்டாய். சரி. நானும் கூசாமல் எழுதுகிறேன், நிதானமாக உட்கார்ந்து படி.

உன் மகள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்கிறாள். முள் குத்தின விரலை என் மடியில் வைத்துத்தான் எடுத்துவிடச் சொல்கிறாள். மற்றவன் தொட்டால் கத்துவாள், நான் தொட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பாள். ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் என்னை அம்மா என்று கூப்பிட்டாள். நான் உம் கொட்டினேன்.

அந்தச் சிலிண்டரைப் பற்றிச் சொல்கிறேன் கேள். தினமும் கரைக்கு வந்ததும் அவள் முதலில் குளிக்க வைப்பது தன்னை இல்லை, அதை. நல்ல தண்ணீர் ஊற்றி, துணியால் துடைத்து, வெயில் படாமல் வைக்கிறாள். படகுக்கு அடிக்கிற பெயின்ட்டில் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டாள். அதன் வயிற்றில் "தக்கை" என்று எழுதினாள். கீழே சின்ன எழுத்தில் "அப்பா கொடுத்தது".

மூக்கன் கேட்டான், "அடிச்சு விரட்டுன அப்பன் பேரயா எழுதற?" அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவருக்குக் கோபந்தான். ஆனா பாருங்கண்ணே, உங்க எல்லாருக்கும் சின்னது, எனக்கு மட்டும் பெருசு. கீழ எனக்குக் காத்து தீர்ந்துரக் கூடாதுன்னு பயந்து போய் பார்த்துப் பார்த்து எடுத்திருக்கார். வாயால சொல்ல வராது அவருக்கு. சிலிண்டரால சொல்லிட்டார். இத முதுகுல போட்டா அப்பா தூக்கி வச்சிருக்கிற மாதிரி இருக்கு."

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன் தம்பி. கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தேன். இடுப்பொடியட்டும் என்று நீ அனுப்பினாய். அவளோ அதைத் துடைத்துத் துடைத்துப் பூஜை பண்ணாத குறை. நான் வாய் திறக்கவில்லை. உன் மானத்தைக் காப்பாற்றினேன் என்று வைத்துக்கொள்.

நீ கேட்ட ஒரு வாரம் ஆயிற்று, அதற்கு மேலும் ஆயிற்று. வருகிற மாதிரித் தெரியவில்லை. இப்போது எல்லாரையும்விடக் கடைசியாக மேலே வருவது அவள்தான், உன் சிலிண்டரில் அத்தனை காற்று. நீ ஆசைப்பட்டபடி சட்டையை வாயால் ஊதிக்கொண்டுதான் இருக்கிறாள், அதையும் சிரித்துக்கொண்டே ஊதுகிறாள். அந்த நாற்காலியில் நீயே உட்கார்.

அக்கா

*

ஏப்ரல் 23

அக்கா,

இதை லாரிக்காரர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவளிடம் காட்டாதே. எத்தனையோ தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை.

இன்றைக்கே முடிச்சை அவிழ். எல்லார் கொக்கியையும். ஈயத்தைப் பாதியாகக் குறை. கூடவே புது மிதவைச் சட்டையும் ஒரு அலுமினியச் சிலிண்டரும் வருகிறது. இரும்பை அவளிடமிருந்து வாங்கிவிடு, இதைப் போடச் சொல். கொஞ்ச நேரம்தான் வரும், வரட்டும். ஏதாவது ஆனால் இது அவளைக் கீழே இழுக்காது. அந்த இரும்பை ஏன் வாங்குகிறாய் என்று கேட்டால் பரிசோதனைக்கு அப்பா கேட்டார் என்று சொல். வேறு எதுவும் சொல்லாதே. உன் காலில் விழுகிறேன், நான் அதை எதற்கு அனுப்பினேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

நானே வந்திருப்பேன். வந்தால் எதற்கு வந்தேன் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பிள்ளை விஷயத்தைப் பற்றி நான் எழுதியிருக்கக் கூடாது. திட்டு, அப்புறம் நிதானமாகத் திட்டு. முதலில் முடிச்சை அவிழ்.

தம்பி

*

ஏப்ரல் 30

தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

உன் நம்பரைப் பார்த்துவிட்டுத்தான் போனை எடுக்கவில்லை. கெஞ்சப் போகிறான், கெஞ்சட்டும் என்று மணி அடிக்க அடிக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். லாரி மத்தியானம் வந்தது. நடந்தது காலையில்.

கடல் கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது. மற்றவர்களுக்குக் காற்று தீர்ந்து ஒவ்வொருவனாகக் கயிற்றைப் பிடித்து ஏறி வந்துவிட்டான். அவளுக்கு மட்டும் மிச்சம் இருந்தது. தனியாகக் கீழே உடைத்துக்கொண்டு, பாறைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். அங்கே முள்ளுருண்டை அதிகம். கயிறு இந்தப் பக்கம். நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தோம். மூக்கன்தான் சொன்னான், "குமிழி வரலியே" என்று.

சிலிண்டர் இல்லாமல், வாயில் கத்தியைக் கவ்விக்கொண்டு குதித்தான். அப்புறம் அவன் சொன்னதுதான் எனக்குத் தெரியும். காற்று தீர்ந்து, அவள் கயிற்றை நோக்கிக் கடல் தரையிலேயே தவழ்ந்து வந்திருக்கிறாள். வாய்க்குழாய் வாயில் இல்லை. சட்டையை ஊதப் பார்த்து எடுத்திருக்கிறாள் போல. ஊதினது விலா வழியாகப் போயிருக்கிறது. இரண்டு கையும் இடுப்புக் கொக்கியில் இருந்ததாம். நகமெல்லாம் பெயர்ந்து போயிருந்தது. என் முடிச்சு அவிழாது தம்பி. அவிழக் கூடாது என்றுதானே போட்டேன். அவன் நூலை அறுத்ததும் ஈயம் விழுந்து, அத்தனை நேரம் கல்லாகக் கிடந்தவள் விசுக்கென்று மேலே வந்தாள். அது இன்னும் கெடுதல் என்று டாக்டர் சொல்கிறார். மூக்கிலும் இரண்டு காதிலும் ரத்தம்.

காது இரண்டும் போய்விட்டது. இடது காது நீ சொன்னபடி ஏற்கெனவே பாதி. வலதும் போயிற்று. காதுக்குள்தான் நிற்கிற நிதானமும் இருக்கிறதாம், அதுவும் போயிற்று. சுவரைப் பிடித்தால்தான் நிற்கிறாள். தரை ஆடுகிறது என்கிறாள். சரியாகுமா என்று கேட்டேன். டாக்டர் ஜன்னலைப் பார்த்தார்.

மூக்கன் கணக்கைத் தீர்த்துக்கொண்டு போய்விட்டான். போகும்போது எல்லார் முன்னாலும், "இந்த முடிச்சப் போட்ட கை வெளங்குமா?" என்று கேட்டான்.

யார் மேல் எவ்வளவு என்று நாம் இரண்டு பேரும் பங்கு பிரிக்க வேண்டாம். முடிச்சு என்னுடையது. இரும்பும் சட்டையும் உன்னுடையது. அடுத்த வாரம் ஆம்புலன்ஸில் அனுப்புகிறேன். சிலிண்டர் இல்லாமல் கிளம்ப மாட்டேன் என்கிறாள். அதையும் ஏற்றி விடுகிறேன். நீ கேட்டபடி வீட்டுக்கு வருகிறாள்.

அக்கா

*

ஜூலை 10

அக்கா,

நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். நான் வாங்கிப் போட்ட அதே நாற்காலியில்தான். கல்லாவைப் பிடித்துக்கொண்டால் தலை சுற்றல் குறைகிறதாம். கழிப்பறைக்குப் போகும் வழி முழுக்கச் சுவரில் அவள் கை பட்டுப் பட்டு அழுக்கு. புதுச் சுண்ணாம்பு என்பதால் பளிச்சென்று தெரிகிறது.

ஒரு சிலேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். நான் எழுதுவேன், அவள் வாயால் பதில் சொல்வாள். தன் குரல் தனக்குக் கேட்காததால் கத்துகிறாள். சாப்பிட்டாயா என்று எழுதினால், சாப்பிட்டேன் என்று தெருவுக்கே கேட்கச் சொல்கிறாள்.

என்னால் தாங்க முடியாதது அது இல்லை. சிலிண்டர் அவள் கட்டில் தலைமாட்டில் நிற்கிறது. நான் எடுத்துப் பின்பக்கம் வைத்தேன்; தவழ்ந்து போய்த் தேடினாள். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டுகிறாள். "எங்கப்பா குடுத்தது! பெருசுங்கறதாலதான் கடைசி வரைக்கும் காத்து வந்துச்சு! சின்னதா இருந்திருந்தா நான் செத்திருப்பேன்!" அத்தனை சத்தமாக. வருகிறவர்கள் என் தோளைத் தட்டிக்கொடுக்கிறார்கள். "அப்பன்னா இப்படி இருக்கணும்" என்று ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சின்னதாக இருந்திருந்தால் மற்றவர்களோடு சேர்ந்து அவளும் கயிற்றில் ஏறி வந்திருப்பாள். அலுமினியமாக இருந்திருந்தால் கடைசி நேரத்தில் கையைக் காலை உதைத்தே மேலே வந்திருப்பாள். இதெல்லாம் எனக்குத்தான் தெரியும். இதைத்தானே இத்தனை வருஷமாக விற்கிறேன்.

சொல்லிவிடலாம் என்று தினம் சிலேட்டை எடுக்கிறேன். "அதை நான் உனக்கு" என்று எழுதுவேன். அதற்குள் அவள் சிரித்துக்கொண்டு, "தெரியும்ப்பா" என்று கத்துவாள். நான் அழித்துவிட்டு எழுந்து போய்விடுவேன். அக்கா, நீ ஒரு தடவை வா. எனக்காக இல்லை. வந்து நீயே சொல்லிவிடு. முன்பு சொல்லாதே என்று காலில் விழுந்தேன், இப்போது சொல்லு என்று விழுகிறேன். உனக்கு ஈவு இரக்கம் பார்த்துப் பழக்கமில்லை, உன்னால் முடியும். அவள் என் முகத்தில் காறித் துப்பட்டும். துப்பினால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

தம்பி

*

ஜூலை 18

தம்பிக்கு,

நான் வர மாட்டேன்.

முடிச்சுப் போடுவதை நிறுத்திவிட்டேன், ஈயத்தையும் குறைத்துவிட்டேன். நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வேலை பாதியில் என் கையை விட்டுப் போய்விட்டது. என் கட்டிலுக்குப் பக்கத்தில் அந்தப் பாய் இன்னும் விரித்தபடியேதான் கிடக்கிறது. எனக்கு ஒரு பிள்ளை தங்கவில்லை என்று எழுதினாயே. உனக்குத் தங்கிவிட்டது. இனி எங்கேயும் போகாது. கண் குளிர வைத்துப் பார்த்துக்கொண்டிரு.

நீ எழுதின அதே வாரத்தில் அவளும் எனக்கு எழுதியிருக்கிறாள். கோடு கோணலாகப் போகிறது, ஆனாலும் படிக்க முடிகிறது. இரண்டு வரியை மட்டும் எடுத்து எழுதுகிறேன். "அத்தை, சிலிண்டரப் பத்திப் பேச்செடுத்தாலே அப்பா சிலேட்ட அழிச்சிட்டு எழுந்து போயிடறார். நீங்களாவது சொல்லுங்க, அது நெஜமாவே அவர் எனக்குன்னு பார்த்து எடுத்ததுதானே?"

நேற்றே பதில் போட்டுவிட்டேன். நீ எனக்கு எழுதின பழைய கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டுதான் எழுதினேன், தப்பு வந்துவிடக் கூடாதே என்று.

"ஆமாம் கண்ணு. கடையில் எத்தனையோ சிலிண்டர் இருந்தும், இது உனக்குத்தான் என்று உன் அப்பா தானே பொறுக்கி எடுத்து அனுப்பினார். நீ வீட்டுக்கு வந்து சேர வேண்டும் என்பது ஒன்றைத்தான் அவர் நினைத்தார்."

இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். இதில் ஒரு வார்த்தை பொய் இருந்தால் சொல்லு, திருத்தி எழுதுகிறேன்.

அக்கா